பெகிமாய் அக்காவின் முதல் எழுத்து

மலைமேல் கூடாரம் போட்டு விருந்தாளிகளைத் தங்கவைப்பவர்களுக்காக பிஷ்கெக்கில் நாங்கள் ஒரு வலைத்தளம் நடத்துகிறோம். நிரல் எழுதுவது என் கூட்டாளி சைக்கல். போனில் வசவு வாங்குவது நான். மின்னஞ்சல் முகவரி சரியா என்று பார்க்கும் விதியை சைக்கல் ராப்பகலாக உட்கார்ந்து எழுதியிருந்தாள். ஒரே வரிதான், ஆனால் திரையின் அந்தக் கோடி வரை ஓடும். அதில் கைவைக்க யாருக்கும் அனுமதியில்லை.

ஜூன் தொடக்கத்தில், சோங்-கோல் ஏரிப் பக்கம் கூடாரம் போடும் பெகிமாய் அக்கா, தளத்தில் பதிவு செய்ய முடியவில்லை என்று போன் செய்தார்.

"‘முகவரி தவறு’ன்னு செவப்பா போடுது. என் முகவரி எனக்குத் தெரியாதா?"

அவர் சொல்லச் சொல்ல நான் இங்கே தட்டிப் பார்த்தேன். மறுபேச்சில்லாமல் ஏற்றுக்கொண்டது.

"இங்க சரியா வருதேக்கா."

"அப்ப நான் பொய் சொல்றேனா? இரு, நேர்லயே வர்றேன்."

மறுநாள் மடிக்கணினியும் ஒரு கேன் புளித்த குதிரைப்பாலுமாக வந்து நின்றார். அவர் திரையில் முகவரி எழுத்துக்கு எழுத்து சரியாகத்தான் இருந்தது. எங்கள் தளமோ தவறு என்றது. சைக்கலின் முகம் தொங்கிவிட்டது. அந்த நீள வரியைத் தூக்கிவிட்டு, நடுவில் ஒரு நாய் இருந்தால் போதும் என்று மாற்றினாள். @ குறியை எங்கள் ஊரில் நாய் என்றுதான் சொல்வோம். இப்போது தளம் ஏற்றுக்கொண்டது. ஆனால் உறுதி செய்யச்சொல்லிப் போன மின்னஞ்சல், போன வேகத்தில் திரும்பி வந்தது.

"நாயைத் தாண்டியாச்சு, இன்னும் வீட்டுக்குள்ள விடமாட்டேங்கறீங்களே!" என்றார் அக்கா.

"அக்கா, எங்க முன்னாடி ஒருதரம் தட்டிக் காட்டுங்க."

"எதுக்குத் தட்டணும்? ஒரு எடத்துல எழுதி வெச்சிருக்கேன். அங்கருந்து எடுத்து ஒட்டிருவேன்."

சைக்கல் நிமிர்ந்தாள். "ஒட்டுறீங்களா?"

புதிதாகத் தட்டச் சொன்னோம். மின்னஞ்சல் உடனே வந்து விழுந்தது. அக்கா எப்போதோ அதை எழுதி வைத்தபோது முதல் எழுத்தை ருஷ்ய விசைப்பலகையில் தட்டிவிட்டு, சுதாரித்து ஆங்கிலத்துக்கு மாறியிருக்கிறார். ருஷ்ய ‘எஸ்’ஸும் ஆங்கில ‘சி’யும் பார்வைக்கு ஒரே பிறைதான். கணினிக்கு மட்டும் வேறு வேறு.

சைக்கலுக்கு உயிர் வந்தது. "பாத்தீங்களா, என் விதி சரியாத்தான் புடிச்சிருக்கு!"

"புடிச்சுதுல்ல? அப்ப எந்த எழுத்துன்னு சொல்றதுக்கு என்ன கேடு? தவறு தவறுன்னா நான் எதைப் போய்த் திருத்துவேன்?"

சைக்கல் அங்கேயே உட்கார்ந்து, எந்த எழுத்து ருஷ்ய எழுத்து என்று தளமே சுட்டிக்காட்டும்படி செய்தாள். நீள வரியை மட்டும் திரும்பப் போடவில்லை. முகவரி உண்மையா என்பதை அனுப்பும் மின்னஞ்சலே சொல்லிவிடட்டும் என்றாள்.

கிளம்பிய அக்கா கதவருகே நின்றுவிட்டார். "ஐயையோ! என் சொந்த வலைப்பக்கத்துலயும் அதைத்தான ஒட்டி வெச்சிருக்கேன்! போன கோடை பூரா ஒருத்தனும் எழுதலைன்னு வெளிநாட்டுக்காரனையெல்லாம் திட்டித் தீர்த்தேனே!"

நாற்காலியில் சரிந்து கண்ணீர் வரச் சிரித்தார். எங்களாலும் அடக்க முடியவில்லை. அந்தப் பக்கத்தையும் திருத்திக் கொடுத்தேன். பேச்சும் குதிரைப்பாலுமாகச் சாயங்காலம் ஆனபோது அவருடைய கணினி மணியடித்தது. போலந்திலிருந்து ஒரு தம்பதி: போன வருடம் எழுதியது திரும்பி வந்துவிட்டது, இந்த வருடமாவது இடம் கிடைக்குமா?

அக்கா சைக்கலின் தோளைப் பிடித்து அமுக்கி உட்காரவைத்தார். "இருக்குன்னு எழுதுடி. ஏரியைப் பாத்த கூடாரம், குதிரை சவாரி இனாம்னு எழுது. மன்னிப்பும் கேட்டுரு."

சைக்கல் தட்டத் தொடங்கினாள்.

"ஏய், திட்டுனதைச் சொல்லிராத!"