கைகள் முதுகுக்குப் பின்னால்

பெரியவர்களுக்கு எதையாவது சொல்லித்தர வேண்டுமென்றால் முதலில் நம் கைகளைக் கட்டிப்போட வேண்டும். கற்பவர் தடுமாறும்போது பாய்ந்து போய் உதவினால் வேலை முடிந்துவிடும், அவர் கற்றது மட்டும் ஒன்றும் இருக்காது. அதனால் என் பயிற்சி வகுப்பில் கைகளை முதுகுக்குப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நிற்பேன். வீட்டில் நோயாளியைப் பார்த்துக்கொள்ளப் போகிறவர்களுக்காக மருத்துவமனை மாடியில் நடக்கும் வகுப்பு அது. கட்டிலிலிருந்து நாற்காலிக்கு ஒருவரை எப்படி மாற்றுவது, நம் முதுகு பிடித்துக்கொள்ளாமல் எப்படி எழுப்புவது, இப்படி. "புரிஞ்சுதா?" என்று கேட்கவே மாட்டேன். கேட்டால் எல்லோரும் தலையாட்டுவார்கள். நரைத்த தலைகள் பள்ளிக்கூடப் பிள்ளைகளைவிட நன்றாகவே ஆட்டும். "செஞ்சு காட்டுங்க" என்பேன், பிறகு வாயை மூடிக்கொள்வேன்.

எல்லாம் ஊருக்கு உபதேசம். அன்று வகுப்பில் என் கணவர் உட்கார்ந்திருந்தார். எனக்கு இருப்புக் கொள்ளவில்லை.

அப்பாவுக்குப் பக்கவாதம். இடது கையும் காலும் விழுந்துவிட்டன, பேச்சும் போய்விட்டது. மறுநாள் அவரை இதே மருத்துவமனையிலிருந்து அனுப்புகிறார்கள். பகலில் நான் வேலைக்கு வந்துவிடுவேன். வீட்டிலேயே தையல் மெஷின் பழுதுபார்க்கும் இவர்தான் அப்பாவைத் தனியாக எழுப்பி உட்கார வைக்க வேண்டும். இவரால் முடியும் என்று தலைமை நர்ஸ் சொன்னால் அப்பா வீட்டுக்கு வருவார், இல்லையென்றால் காப்பகம். அந்தச் சொல்லைக் கேட்டதும் அப்பா முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார்.

மாமனாருக்கும் மாப்பிள்ளைக்கும் இத்தனை வருடத்தில் "வாங்க மாப்ளே", "சௌக்கியமா மாமா" தாண்டிப் பேச்சு வளர்ந்ததில்லை. ஒருவரை ஒருவர் தொட்டதுண்டா என்பதே சந்தேகம். போதாக்குறைக்கு இவர் ஒரு திருகாணியை முடுக்குவதற்குள் நான் சமைத்து முடித்துவிடுவேன். நானோ காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டு பிறந்தவள்.

முதலில் ஒரு பஸ் டிரைவர் வந்தார். சக்கர நாற்காலிக்கு பிரேக் போட மறந்துவிட்டார், அது நழுவிப் பின்னால் போயிற்று. நான் அசையவில்லை. "வண்டி கிளம்பிடுச்சே, டிரைவரைக் காணோமே?" என்றேன். எல்லோரும் சிரித்தார்கள், அவரும் சிரித்துக்கொண்டே பிரேக் போட்டார். இனி ஆயுசுக்கும் மறக்க மாட்டார்.

கடைசியாக இவர் முறை. தலைமை நர்ஸும் வந்து நின்றுகொண்டார்.

"நோயாளியா யார் படுக்கறது?" என்று கேட்டார்.

"நானே" என்று கட்டிலில் ஏறினேன். நின்று பார்த்தால் கை சும்மா இருக்காது. படுத்துக்கொண்டால் என்ன செய்துவிட முடியும் என்று நினைத்தேன்.

இவர் நாற்காலியை என் வலப்பக்கம் சாய்வாகப் போட்டார். பிரேக்கை ஒருமுறை ஆட்டிப் பார்த்தார், திரும்பவும் ஆட்டிப் பார்த்தார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. என்னைக் கட்டில் விளிம்பில் உட்கார வைத்து, தன் முழங்காலை என் இடது முழங்காலுக்கு அணையாகக் கொடுத்து, தூக்குவதற்காக என் இடுப்பில் கட்டியிருந்த பட்டையைப் பிடித்தார்.

"மாமா, எந்திரிக்கப் போறோம்" என்றார் என்னிடம். வகுப்பு கொல்லென்று சிரித்தது. இவர் சிரிக்கவில்லை.

பாதியில் நின்றுவிட்டோம். இவரால் அதற்கு மேல் தூக்க முடியவில்லை. அப்பாவின் முகம் சுவர்ப் பக்கம் திரும்பியது என் கண்ணில் வந்து நின்றது. செயலற்றுக் கிடக்க வேண்டிய இடது காலை மெல்லத் தரையில் ஊன்றினேன். அடுத்த நொடி நான் நாற்காலியில் இருந்தேன். எல்லோரும் கைதட்டினார்கள்.

"பரவாயில்லையே, தேறிட்டீங்க" என்றார் தலைமை நர்ஸ்.

"இல்லீங்க" என்றார் இவர். "அவ இடது காலை ஊனிட்டா. மாமாவால ஊன முடியாது."

அரிச்சந்திரனுக்கு வாழ்க்கைப்பட்டுவிட்டேனே என்று ஆத்திரம் ஆத்திரமாக வந்தது. வாயை மூடுங்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினேன். இவர் என் பக்கமே திரும்பவில்லை.

"மாமாவை வச்சே செஞ்சு காட்டறேன். நீங்க பக்கத்துல நில்லுங்க. இவ மட்டும் வெளிய இருக்கட்டும்."

அப்படித்தான் அப்பாவின் அறைக்கு வெளியே நிறுத்தப்பட்டேன். நடந்தேன், நின்றேன், மறுபடி நடந்தேன். கதவில் காதை வைத்தேன்.

"மாமா, கொஞ்சம் முன்னாடி சாயுங்க... ஆங், அப்படித்தான்."

கட்டில் முனகியது. யாரோ மூச்சைப் பிடித்தார்கள். பிறகு இவர் குரல்: "வேணாம், வேணாம். உட்காருங்க மாமா. அவசரமே இல்ல, மறுபடி பார்ப்போம்."

என் கை கதவின் பிடியில் இருந்தது. பாதியில் சரிவரவில்லை என்றால் திரும்பக் கட்டிலிலேயே உட்கார வையுங்கள், அதில் வெட்கமில்லை என்று ஒவ்வொரு வகுப்பிலும் சொல்கிறேன். கதவுக்கு வெளியே நின்று அதைக் கேட்பது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரிந்திருக்கவில்லை. பிடியிலிருந்து கையை எடுத்தேன். இரண்டு கைகளையும் பின்னால் கொண்டுபோய் வலிக்க வலிக்கக் கோத்துக்கொண்டேன்.

உள்ளே "ஒண்ணு, ரெண்டு" கேட்டது. மூன்று வரவே இல்லை. திடீரென்று நாற்காலி கிரீச்சிட்டது.

தலைமை நர்ஸ்தான் கதவைத் திறந்தார். "முதல் தடவை சரியா வராதுன்னு தெரிஞ்சதும் உட்கார வச்சுட்டாரு பாருங்க, அதுக்கே அனுப்பலாம். நாளைக்குக் கூட்டிட்டுப் போங்க" என்று சொல்லிவிட்டு நடந்தார்.

அப்பா நாற்காலியில் இருந்தார். இருவர் சட்டையும் வியர்வையில் ஒட்டிக் கிடந்தன. அப்பாவின் இடது செருப்பு பாதிக் காலில் தொங்கியது. பார்த்த மாத்திரத்தில் குனிந்து கையை நீட்டினேன்.

"விடு."

குழறலாகத்தான் வந்தது, ஆனால் அப்பாவின் குரல். நோய் வந்தபிறகு அவர் பேசிய முதல் சொல். என்னைப் பார்க்காமல் மருமகனைப் பார்த்தார். நீட்டிய கையை மறுபடி முதுகுக்குப் பின்னால் கொண்டுபோய்க் கோத்துக்கொண்டேன். இவர் மெதுவாக உட்கார்ந்து, அந்தக் காலை மடியில் வைத்துக்கொண்டு, செருப்பை மாட்டி, சரியாக இருக்கிறதா என்று ஆட்டிப் பார்த்தார். திரும்பவும் ஆட்டிப் பார்த்தார்.

எனக்குக் கண்ணீர் வழிந்தது. அதைத் துடைக்கக்கூட முதுகுக்குப் பின்னாலிருந்து கையை எடுக்கவில்லை.