நகர்ந்து உட்கார்ந்த கதை

1.

இந்தக் கதையை நான் எங்கும் தேடிப் போகவில்லை. ஆறாம் வகுப்பிலிருந்து என்னை விட்டுப் போகாமல் கிடக்கிறது. இதுவரை ஏழு தொடக்கம் எழுதியாயிற்று. "1959ஆம் வருஷம், ஆவூர்ப் பக்கம் ஒரு மிஷன் பெண்கள் பள்ளியில்" என்று ஒன்று. ஆபீஸ் கடுதாசி மாதிரி இருந்தது. "மரிய செல்வி டீச்சருக்கு அன்று காலையிலேயே" என்று இன்னொன்று. காலையிலேயே என்ன என்பது வரவில்லை. எனக்கு அலுத்துவிட்டது. டீச்சருக்கும் அன்று அலுப்புதான். அங்கிருந்தே தொடங்குகிறேன்.

2.

மரிய செல்வி பாட்டு டீச்சர். கல்யாணம் ஆகாதவர், முழங்கால் வலிக்காரர். தாளத்தை வாயால் சொல்லிச் சொல்லித் தொண்டை கட்டிப்போன ஒரு மழைக்காலத்தில்தான் அந்த விளையாட்டைக் கண்டுபிடித்தார். மணலில் வட்டமாக உட்காரவேண்டும். ஆளுக்கு ஒரு கூழாங்கல். எல்லாரும் "தகதிமி தகஜணு" சொல்ல, ஒவ்வோர் அடிக்கும் கையிலிருக்கும் கல்லை வலப்பக்கத்துக்காரி முன்னால் வைத்துவிட்டு, நம் முன்னால் வந்ததை எடுக்கவேண்டும். அடி தவறியவள் முன்னால் இரண்டு கல் சேர்ந்துவிடும். அவள் அவுட். வேப்பமரத்தடிக்குப் போய்விடவேண்டும். மற்றவர்கள் நகர்ந்து உட்கார்ந்து வட்டத்தை மூடிவிடுவோம்.

(இதில் ஒரு கோளாறு உண்டு. தாளம் வராதவள் முதலில் வெளியே போய்விடுவாள். ஏற்கெனவே வருகிறவள்தான் பீரியட் முழுக்கப் பழகுவாள். எனக்கு இது முப்பது வயதுக்கு மேல்தான் உறைத்தது. டீச்சருக்கு அப்போதே தெரிந்திருக்கும் என்று நினைக்கிறேன். மாற்றத்தான் தெம்பில்லை.)

எப்போதும் முதலில் வெளியே போகிறவள் அழகி.

3.

அழகியை எழுதுவதுதான் கஷ்டம். அவளுக்கு ஏதாவது ஊனம் வைத்தால் நீங்கள் இரங்குவீர்களே என்று யோசித்தேன். அப்படி ஒன்றும் கிடையாது. திடமான பெண். கல்லைக் கொடுக்க மனமில்லாதவள் போல ஒரு நொடி கூடுதலாக வைத்திருப்பாள், அவ்வளவுதான்.

பள்ளியைப் பார்வையிட இன்ஸ்பெக்டரம்மா வருவதற்கு முதல் நாள், எங்கள் ஹெட்மிஸ்ட்ரஸான மதர், டீச்சரைக் கூப்பிட்டுச் சொன்னார். "பாட்டு பீரியட்ல புள்ளைங்க கல்லு வச்சு வெளையாடுதுன்னு யாரோ மேல எழுதிப் போட்டிருக்காங்க. நாளைக்கு அந்தம்மா பாத்துட்டுச் சரியில்லன்னா பீரியடும் இல்ல, ஒங்க வேலையும் இல்ல. என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

டீச்சர் வந்து மூன்று முறை ஒத்திகை பார்த்தார். மூன்று முறையும் அழகி முன்னால் இரண்டு கல்.

"நாளைக்கு என்ன செய்யப் போறேன்னு தெரியல," என்றார், யாரையும் பார்க்காமல்.

அழகிக்கு இடப்பக்கம் உட்கார்ந்திருந்த ஒருத்தி சொன்னாள்: "டீச்சர், இன்ஸ்பெக்டரம்மா பஸ்ஸ விட்டு எறங்குனா கூட்டியார ஆளு வேணும்ல. அழகி ரோட்டுல நிக்கட்டும்."

டீச்சர் அந்த இரண்டு கல்லையும் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு, "போறியாடி?" என்றார்.

"போறேன் டீச்சர்." சந்தோஷமாகத்தான் சொன்னாள். அதுவரை அவளை நம்பி யாரும் ஒரு பொறுப்பும் கொடுத்ததில்லை.

5.

நாலைக் காணோமே என்று தேடாதீர்கள். அதில் அழகி மட்டும்தான் இருந்தாள். எடுத்ததும் கதை தடங்கல் இல்லாமல் ஓடுகிறது, பாருங்கள்.

இன்ஸ்பெக்டரம்மா பஸ்ஸில் வரவில்லை. கீரனூர்ப் பக்கமிருந்து ஜீப்பில் வந்து பின்வாசலில் இறங்கிவிட்டார். வட்டத்தில் முப்பத்தொரு பெண்கள். முதலில் மெதுவாக, பிறகு இரட்டை வேகத்தில். ஒரு கல் தவறவில்லை. அந்தம்மா செருப்பைக் கழற்றிவிட்டுத் தானும் மணலில் உட்கார்ந்து ஒரு கல்லை வாங்கிக்கொண்டார். "மத்த ஸ்கூல்லயும் இதைச் செய்யச் சொல்லணும்," என்றார். பீரியட் பிழைத்தது. மதர் மிட்டாய் கொடுத்தார். டீச்சர் சிரித்ததை அன்றுதான் பார்த்தோம்.

இங்கேயே முடித்து அனுப்பியிருந்தால் ஏதாவது பத்திரிகை போட்டிருக்கும்.

அழகியைக் கூப்பிட யாரும் போகவில்லை. அவள் இடத்தில் நான் நகர்ந்து உட்கார்ந்திருந்தேன். அந்த யோசனையைச் சொன்ன அருள்ராணி நான்தான். இவ்வளவு நேரம் "ஒருத்தி" என்று எழுதி ஒளிந்தது போதும். வெட்கமாக இருக்கிறது.

4.

சாயங்காலம் அட்டெண்டன்ஸை எடுத்து வைக்கும்போதுதான் டீச்சருக்கு ஞாபகம் வந்தது. முழங்கால் வலியோடு அரை மைல் நடந்தார். என் வீடும் அந்த வழிதான். பின்னாலேயே போனேன். பக்கத்தில் போகத் தைரியம் இல்லை.

அழகி காலையில் நின்ற இடத்திலேயே நின்றாள். (தனியாகத் தாளம் போட்டுப் பழகிக்கொண்டு நின்றாள் என்று ஒரு தடவை எழுதினேன். பொய். சும்மா நின்றாள்.) மத்தியானம் சாப்பிடவும் போகவில்லை.

"அஞ்சு பஸ் போச்சு டீச்சர். எதுலயும் அந்தம்மா எறங்கல," என்று உரக்கச் சொன்னாள். "நான் இங்கிட்டு அங்கிட்டு நகரவே இல்ல."

டீச்சர் பதில் சொன்னார். எனக்குக் கேட்கவில்லை. மூன்று விதமாக எழுதிப் பார்த்தேன். ஒன்றில் நடந்ததைச் சொல்லிவிடுகிறார். ஒன்றில், "அந்தம்மா வரலடி, இன்னொரு நாள் வருவாங்க," என்கிறார். மூன்றாவதில் அவளைக் கட்டிக்கொண்டு அழுகிறார். அதை நானே கிழித்துப் போட்டேன். அழகியைக் கேட்டிருக்கலாம். திங்கட்கிழமை அவளுக்கு இடம் விட்டு உட்கார்ந்தேன். அவள் வரவில்லை, அதற்குப் பிறகும் வரவில்லை.

கல்லை உங்கள் முன்னால் வைக்கிறேன். டீச்சர் என்ன சொல்லியிருக்கவேண்டும் என்று நீங்கள் சொல்லுங்கள். எட்டு எண்ணுவதற்குள் சொல்லவேண்டும். பதில் வராவிட்டாலும் எழுந்து போகாதீர்கள். இந்த முறை நான் நகர மாட்டேன்.