மறைக்க மறந்த மூக்கு

கைதட்டத்தான் எங்களைக் கூட்டியிருந்தார்கள். ஆஸ்பத்திரி வாங்கப்போகும் புது மென்பொருளைப் பற்றிக் கம்பெனிக்காரன் ஒருவன் விளக்க வந்திருந்தான். ஆயிரக்கணக்கான பழைய ஸ்கேன்களைப் பார்த்து, மூளைக் கட்டியைக் கண்டுபிடிக்க அது தானே கற்றுக்கொண்டதாம். எம்.ஆர்.ஐ. ஸ்கேன் எடுப்பவள் என்பதால் என்னை முன்வரிசையில் உட்காரவைத்துவிட்டார்கள்.

"இது உங்க ஆஸ்பத்திரியில எடுத்த பழைய ஸ்கேன்தான். டாக்டர் நார்மல்னு எழுதிட்டாரு. எங்க மிஷின்கிட்ட கொடுத்தோம். இப்ப பாருங்க!"

திரையில் ஒரு தலையின் பக்கவாட்டுப் படம். மூளைக்குள் பட்டாணி அளவு இடத்தைச் சுற்றிச் சிவப்பு வட்டம். எல்லோரும் கைதட்டினார்கள். எனக்கு வட்டம் கண்ணில் படவில்லை, மூக்குதான் பட்டது. பெயரை அழித்திருந்தார்கள், வயதை அழித்திருந்தார்கள். மகா புத்திசாலிகள், முகத்தை அப்படியே விட்டுவிட்டார்கள். பந்து பட்டு உடைந்து, நடுவில் மேடு தட்டிய மூக்கு. என் தம்பியின் மூக்கு. அந்த ஸ்கேனை எடுத்ததே நான்தான்.

தம்பி போன வருஷம் மூளைக் கட்டியில் போய்விட்டான். "முதல் ஸ்கேன்ல கட்டியே இல்லம்மா, அப்புறம் வந்தது" என்று, நார்மல் என எழுதிய பெரிய டாக்டரே சத்தியம் பண்ணாத குறையாகச் சொல்லியிருந்தார். என் அம்மாவோ, "அக்கறை இருந்தா வேற இடத்துல காட்டியிருக்க மாட்டாளா?" என்று தம்பி மனைவியைக் கரித்துக்கொட்டினாள். அந்தப் பெண் ஒரு நாள்கூட வாய் திறந்ததில்லை.

கூட்டம் முடிந்ததும் பெரிய டாக்டரை மறித்தேன்.

"அது என் தம்பி சார்."

அவர் முகம் வெளிறியது. சமாளித்துக்கொண்டார். "இதுக்குத்தாம்மா மிஷின் வேணும்னு நான் தலைபாடா அடிச்சுக்கறேன்."

அடப்பாவி!

"அவன் பொண்டாட்டிகிட்ட நீங்க சொல்லணும் சார்."

"சொல்லி என்ன ஆகப்போகுது? போனவரு திரும்பியா வரப்போறாரு?" என்றவர், கம்பெனிக்காரனைக் கூப்பிட்டார். "முகம் தெரியுதுப்பா. எடுத்துடு."

"சாரி மேடம்" என்று அவன் அங்கேயே மடிக்கணினியைத் திறந்து, என் கண்ணெதிரே தம்பியின் மூக்கை அழித்தான். சுட்டிக்காட்டியதற்கு நன்றி வேறு சொன்னான்.

நேராகத் தம்பி வீட்டுக்குப் போனேன். தம்பி மனைவி துணி மடித்துக்கொண்டிருந்தாள். ஒன்றுவிடாமல் கொட்டித் தீர்த்தேன்.

"உன்மேல ஒரு தப்பும் இல்லடி. கட்டி முதல்லயே இருந்திருக்கு. அந்த ஆளு பாக்காம விட்டிருக்கான். இனிமே அம்மா ஏதாவது பேசட்டும், நான் பாத்துக்கறேன்."

அழுவாள் என்று நினைத்தேன். கையிலிருந்த சட்டையை மடித்து வைத்துவிட்டுத்தான் பேசினாள்.

"வேற இடத்துல காட்டலாம்னு கால்ல விழாத குறையா கெஞ்சினேன் அண்ணி. 'எங்க அக்காவே எடுத்த ஸ்கேன், அதுல தப்பு வருமா'ன்னுட்டாரு."

"இதை ஏன் அம்மாகிட்ட சொல்லல?"

"சொன்னா உங்களைத்தானே திட்டுவாங்க."