டப்பா மூடியில் ஏழு துளை

தகப்பன் பறவை தன் சொந்தக் குஞ்சை அலகில் கவ்விக்கொண்டு வந்து கூண்டறைத் தரையில் போட்டதை அவள் கண்ணாலேயே பார்த்தாள். பொரிந்து மூன்றே நாள் ஆன குஞ்சு. சுண்டுவிரல் நுனியளவு உடம்பு, இன்னும் திறக்காத கண். போட்டுவிட்டு அது கிளையில் ஏறி, சிவந்த அலகை இரண்டு பக்கமும் துடைத்துக்கொண்டு, எதுவுமே நடக்காததுபோல ஒரு பாட்டுப் பாடியது. நல்ல பாட்டு வேறு.

அவள் கதவைத் திறந்து குஞ்சை எடுத்து உள்ளங்கையில் வைத்து, சூடு போகாமல் மறுபடி கூட்டில் விட்டாள். வெளியே வந்து தாழ்ப்பாள் போடுவதற்குள் அது திரும்பவும் தரையில் கிடந்தது. சாயங்காலத்துக்குள் கூடு காலி. போன ஈட்டில், அதாவது இதற்கு முன் பொரித்த தடவையில், குஞ்சுகள் காணாமல் போனதும் இதே மூன்றாம் நாள்தான். அப்போது எலி, எறும்பு, பல்லி என்று வரிசையாகச் சந்தேகப்பட்டு, வலையின் ஓட்டைகளை அடைத்து, கூண்டறையின் நான்கு காலுக்கும் எண்ணெய்க் கிண்ணம் வைத்திருந்தாள். திருடன் உள்ளேயே இருந்து பாடிக்கொண்டிருப்பான் என்று யார் கண்டது?

அவளைக் குடைந்தது வேறொன்று. குஞ்சின் தோல் கண்ணாடிபோல இருக்கும். தொண்டைக்குக் கீழே இரைப்பையில் என்ன இருக்கிறது என்று வெளியிலிருந்தே தெரியும். அது நிறைந்திருந்தது. தட்டிலும் புழு மிச்சமிருந்தது. பசியில்லை, நோயில்லை, பகையில்லை. வயிறு நிறைந்த பிள்ளையை நிறைந்த வீட்டிலிருந்து பெற்ற தகப்பன் எதற்காகத் தூக்கி வெளியே போட வேண்டும்?

அவள் ஒரு மூக்குக்கண்ணாடிக் கடையில் லென்ஸ் அறுத்துப் பொருத்துகிறவள். விதை தின்னும் குருவிகளை எட்டு வருஷமாக வளர்த்துக் குஞ்சும் எடுத்திருக்கிறாள். கடைக்குக் கண்ணாடி மாற்ற வந்த பல் டாக்டரின் கைப்பேசியில் இந்தச் சிவப்பு மூக்குப் பறவையைப் பார்த்ததிலிருந்துதான் அவளுக்குப் பித்துப் பிடித்தது. முதுகு ஆலிவ் பச்சை, தொண்டை மஞ்சள், கண்ணைச் சுற்றி வெளிறிய வளையம். இவ்வளவு கச்சிதமான ஃப்ரேமை எந்தக் கம்பெனியும் செய்ததில்லை என்பது அவள் அபிப்பிராயம். இரண்டு மாதம் கேட்டுக் கேட்டு, ஒரு பருவத்துக்கு மட்டும் ஒரு ஜோடியை இரவல் வாங்கினாள். அன்று டாக்டர் சொன்னது இன்னும் காதில் இருந்தது.

"விதை திங்கிற குருவின்னா தட்டுல தானியத்தைப் போட்டுட்டு வேலைக்குப் போயிடலாம். இதுங்க பழமும் பூச்சியும் திங்கிற ஜாதி. குஞ்சு பொரிச்சிட்டா விடிஞ்சதுலேருந்து பொழுது சாயற வரைக்கும், அரை மணிக்கு ஒருவாட்டி எட்டுப் புழு போடணும். எங்க வீட்ல மாமனார் நாற்காலியப் போட்டு உக்காந்துடுவார். உங்க வீட்ல பகல்ல யாரு இருப்பா?"

"நாங்க ரெண்டு பேரும் மாறி மாறி இருப்போம் டாக்டர்."

"ஒரு குஞ்சாவது கூட்டை விட்டு வந்து கொம்புல உக்காரணும். அப்படின்னா ஜோடி உங்களுக்கே. இல்லேன்னா பருவம் முடிஞ்சதும் கூண்டை எடுத்துக்கிட்டு நானே வந்துடுவேன். கோவிச்சுக்கக் கூடாது."

மாறி மாறி இருப்போம் என்பது முழுப் பொய் இல்லை; முக்கால் பொய். கணவன் பேக்கரியில் ரொட்டி போடுகிறவன். விடியுமுன் போய், ஒரு மணிக்கு வந்து, குளித்துவிட்டுக் கட்டையாகச் சாய்வான். அவள் ஒன்பது மணிக்குப் போனால், சாப்பாட்டுக்கு அரை மணி வந்து போவதைத் தவிர, ஆறு மணிக்குத்தான் வீடு. தூங்குவதும் இருப்பதுதானே என்று மனசைத் தேற்றிக்கொண்டாள். பிறகு கணக்குப் போட்டாள். பன்னிரண்டு மணி நேரத்தில் இருபத்துநாலு அரை மணி, ஒவ்வொன்றுக்கும் எட்டு, ஆக இருநூறுக்குக் கொஞ்சம் குறைவு. காலையில் இருநூறு புழுவை எண்ணி வழவழப்பான பீங்கான் தட்டில் போட்டாள். ஒரு புழுகூட ஏறித் தப்ப முடியாது. அளவு சரிதான். பின்னே எது தப்பு?

புழு வளர்ப்பது வீட்டில் பெரிய வழக்காகவே இருந்தது. மாவுப்புழு, பேருக்கேற்றபடி மாவிலும் தவிட்டிலும்தான் பெருகும்.

"ஆயுசு பூரா மாவுல பூச்சி விழக்கூடாதுன்னு சலிச்சு சலிச்சுத் தோள்பட்டை இறங்கிப்போனவன் நான்," என்பான் கணவன். "நீ அதுக்குத் தவிடு போட்டு, ஈரத்துக்குக் கேரட் நறுக்கி வச்சு, மேல துணி போர்த்தித் தூங்கவைக்கிற. எனக்கு என்னைக்காவது கேரட் நறுக்கிக் குடுத்திருக்கியா?"

"நீங்க என்னைக்காவது பாட்டுப் பாடியிருக்கீங்களா?"

இரண்டாவது ஈடு போன அந்த வாரத்தில் ஒருநாள், இருவருக்கும் ஒன்றாக விடுமுறை வந்தது. காலை ஒன்பதுக்குள் கணவன் எல்லா வேலையும் முடித்துவிட்டான். குழாய்க்கு வாஷர் மாற்றினான். துணி உலர்த்தினான். கடைக்குப் போய் வந்தான். அப்புறம் செய்ய ஒன்றுமில்லை. உழைத்துப் பழகிய உடம்பு, நிற்கவும் தெரியாது, உட்காரவும் தெரியாது. பத்து மணிக்குச் சமையலறை அலமாரியைக் காலி செய்ய ஆரம்பித்தான். விசிலடித்துக்கொண்டே டப்பாக்களை இறக்கி, தேவை, தேவையில்லை என்று பிரித்து, தேவையில்லாததை வாசலில் கொண்டுபோய் வைத்தான். அவள் எட்டிப் பார்த்தபோது, முந்தாநாள் வாங்கிய குக்கர் ரப்பர் குப்பையின் மேலே உட்கார்ந்திருந்தது.

"இது புதுசுங்க!"

"பழசுன்னு நெனச்சேன்."

"உங்களுக்குச் செய்ய வேலை இல்லேன்னா வீட்ல இருக்கறதெல்லாம் வேண்டாததாத் தெரியுமா? நல்லாயிருக்கறதத் தூக்கி வெளிய போட்டுட்டு, விசில் வேற…"

அவள் வாக்கியத்தை முடிக்கவில்லை. கையில் ரப்பரோடு பின்பக்கம் ஓடினாள். கூண்டறையில் ஆண் பறவை வாய் நிறையத் தேங்காய் நார் வைத்துக்கொண்டு புதுக் கூடு கட்டிக்கொண்டிருந்தது.

அன்று முழுக்க அவள் அங்கேயே உட்கார்ந்து யோசித்தாள். யோசிக்க யோசிக்க, பற்சக்கரங்கள்போல ஒவ்வொன்றும் அடுத்ததில் போய்ப் பொருந்தியது. காட்டில் இந்தப் பறவைக்கு ஒரு புழு கிடைக்க நாலு இலையைப் புரட்ட வேண்டும். ஒன்றைக் கொண்டுவந்து ஊட்டிவிட்டு அடுத்ததற்குப் பறக்க வேண்டும். இப்படித் தேடுவதிலேயே பகல் தீர்ந்துவிடும். கூட்டில் பிள்ளை இருக்கிறது என்பதை அந்த அலைச்சல்தான் அதற்கு நினைவூட்டிக்கொண்டே இருக்கும். அவளோ இருநூறையும் ஒரே தட்டில் போட்டுவிட்டாள். பத்து நிமிஷத்தில் குஞ்சுகள் வாயை மூடிவிடும். வாய் திறக்காத குஞ்சு தகப்பனுக்குக் குஞ்சே இல்லை, கூட்டில் கிடக்கும் வேண்டாத பொருள். தீனி நிறைய இருக்கிறது, உடம்பில் தெம்பும் நிறைய இருக்கிறது, அடுத்த ஈட்டுக்குப் பெட்டை வேண்டும், கூடு வேண்டும். ஆகவே வீட்டைச் சுத்தம் செய்கிறது. டாக்டர் அரை மணிக்கு எட்டு என்று சொன்னதில் எட்டை மட்டும் பிடித்துக்கொண்டு அரை மணியை விட்டுவிட்டோம் என்று அவளுக்கு உறைத்தது. கொல்ல வேண்டுமென்று ஒருத்தரும் நினைக்கவில்லை. தட்டுதான் கொன்றது.

காரணம் தெரிந்ததில் வந்த சந்தோஷம் ஒரு டம்ளர் டீ குடித்து முடிக்கும்வரை இருந்தது. பிறகு, அரை மணிக்கு ஒருதரம் போட இங்கே ஆள் ஏது? அவள் கைப்பேசியை எடுத்தாள்.

"யாருக்கு?" என்றான் கணவன்.

"டாக்டருக்கு. ஜோடியத் திருப்பிக் குடுத்துடறேன். ஆசை இருந்தாப் போதும்னு நெனச்சேன். ஆள் இருக்கணும்."

அவன் கூண்டறைக்கு முன்னால் போய் நின்றான். வேறெந்த நாளும் அவன் அங்கே இவ்வளவு நேரம் நின்றதில்லை.

"பன்னு மேல சக்கரை தூவுற டப்பா இருக்குல்ல, மூடி பூரா ஓட்டை? அதுமாதிரி ஒண்ணத் தலைகீழாக் கட்டித் தொங்கவிட்டா?"

"சக்கரை தானா விழாதுங்க. யாராவது தட்டணும்."

"சக்கரைக்குக் கால் கிடையாது. உன் செல்லத்துக்கு ஆறு இருக்கே. அது இருக்கிற எடத்துல இருக்காது, எங்கடா வழின்னு அரிச்சுக்கிட்டே இருக்கும். முப்பது வருஷமா பாத்துக்கிட்டிருக்கேன், எனக்குத் தெரியாதா?"

அவள் கைப்பேசியைக் கீழே வைத்தாள்.

அவன் கொண்டுவந்த சக்கரை டப்பாவில் இருபது துளை. தொங்கவிட்டுக் கீழே தட்டு வைத்துப் பார்த்தார்கள். டீ ஆறுவதற்குள் எல்லாப் புழுவும் கீழே. துளை பெரிசு. மறுநாள் அவள் ஐந்து புழுவைச் சின்னக் குப்பியில் போட்டுக் கடைக்கு எடுத்துப்போய், லென்ஸ் கனம் பார்க்கும் கருவியில் ஒவ்வொன்றாக அளந்தாள். முதலாளி பார்த்துவிட்டு, "யாருக்குக் கண்ணாடி?" என்று மட்டும் கேட்டுவிட்டுப் போனார். தடிமன் இரண்டு மில்லிமீட்டர். ஃப்ரேம் இல்லாத கண்ணாடிக்கு லென்ஸில் துளை போடும் நுணுக்கமான டிரில் அவள் மேஜையிலேயே இருந்தது. காலி பேக்கிங் பவுடர் டப்பா ஒன்றின் மூடியில் இரண்டரை மில்லியில் பத்துத் துளை போட்டு, ஓரப் பிசிறைத் தேய்த்து வழவழப்பாக்கினாள். பிசிறு இருந்தால் புழு அதைப் பிடித்துக்கொண்டு தொங்குமாம். விழ மனசு வராதாம்.

வீட்டில் கணவன் ஓய்ந்துபோன இரண்டு பழைய சல்லடைகளை எடுத்தான். ஒன்றில் தவிட்டைச் சலித்து, துளை வழியே கொட்டாத முரட்டுத் தவிட்டை மட்டும் நிறுத்தினான். இன்னொன்றில் புழுவைச் சலித்துப் பெரிசு சிறிசு பிரித்தான். "இத எவனாவது பேக்கரில பாத்தா என் சோலி முடிஞ்சுது," என்றான். ஆனால் அவன் கை, நல்ல மாவைச் சலிக்கிற அதே சுழற்சியில் ஒரே சீராக ஆடிக்கொண்டிருந்தது. அடுப்பு டைமரை வைத்துக்கொண்டு இருவரும் எண்ணினார்கள். பத்துத் துளைக்கு மூன்று நிமிஷத்துக்குள்ளேயே ஒன்று விழுந்தது. மூன்றை டேப் ஒட்டி மூடினார்கள். நாலு நிமிஷத்துக்கு ஒன்று. ஏறக்குறைய அரை மணிக்கு எட்டு.

பருவத்தின் கடைசி ஈடு அடுத்த மாதம் பொரிந்தது. மூன்று குஞ்சு. முதலில் அப்போதுதான் தோலுரித்து வெள்ளையாக, மெத்தென்று இருக்கும் புழுக்களாகப் பார்த்துப் போட்டாள். மூன்றாம் நாள் காலை கடைக்கு லீவு சொல்லவில்லை, வேண்டுமென்றே போனாள். வீட்டிலிருந்து பார்த்துக்கொண்டால் அது டப்பாவுக்குச் சோதனை இல்லையே. ஆனால் அன்று அறுத்த லென்ஸில் ஒன்று கோணலாகப் போயிற்று. ஒன்றரை மணிக்குக் கைப்பேசி அடித்தது.

"எத்தனை?" என்றாள் எடுத்த எடுப்பில்.

"மூணும் இருக்கு," என்றான் தூங்காத கணவன். "உன் பாட்டுக்காரனுக்கு இப்ப பாட நேரமில்ல."

பன்னிரண்டாம் நாள் பல் டாக்டர் சொன்னபடியே கையில் காலிக் கூண்டோடு வந்து நின்றார். கூண்டறைக்கு முன்னால் வந்தவர் கூண்டைக் கீழே வைத்தார். தாழ்ந்த கொம்பில், வால் முளைக்காத ஒரு குஞ்சு பஞ்சுருண்டைபோல உட்கார்ந்து, விழுந்துவிடாமலிருக்க முன்னும் பின்னும் ஆடிக்கொண்டிருந்தது.

"டாக்டர், நான் ஒண்ணு சொல்லணும். பகல்ல வீட்ல யாரும் இருக்கறதில்ல. அன்னைக்குச் சொன்னது பொய். முதல் ரெண்டு ஈடு அதனாலதான் போச்சு. ஜோடிய நீங்க எடுத்துக்கிட்டுப் போறதுன்னா போகலாம்."

டாக்டர் திரும்பி அவளைப் பார்த்தார். "யாரும் இல்லேன்னா, அப்ப இதுக்கு ஊட்டினது யாரு?"

அவள் மேலே காட்டினாள். டப்பாவின் அடியில் ஒரு துளையில் தவிட்டு நிறத் தலை எட்டிப் பார்த்தது. இப்படியும் அப்படியும் நெளிந்தது. காய்ந்த இலைக் குவியலில் டப்பென்று விழுந்தது. தகப்பன் பாய்ந்து, இரண்டு இலையை வீசியெறிந்து, கவ்விக்கொண்டு கொம்புக்கு ஓடியது. டாக்டர் கைக்கடிகாரத்தைப் பார்த்தபடி அடுத்தது விழும்வரை நின்றார்.

"எங்க மாமனாருக்குக் கண்ணு மங்கிடுச்சு," என்றார் மெதுவாக. "இனிமே யாரு உக்காருவாங்கன்னு ஒரு மாசமா யோசிச்சுக்கிட்டிருக்கேன். இதே மாதிரி இன்னொண்ணு இருக்கா?"

கணவன் உள்ளே போய், மாற்றுக்கென்று செய்து வைத்திருந்த இரண்டாவது டப்பாவைக் கொண்டுவந்தான். டாக்டர் அதை வாங்கி, பறவைகளுக்கென்று கொண்டுவந்த கூண்டுக்குள் வைத்துக் கதவைச் சாத்தினார். பிறகு பையிலிருந்து மருந்துச் சீட்டுப் புத்தகத்தை எடுத்தார்.

"சொல்லுங்க, எழுதிக்கறேன்."

அவள் சொன்னாள். "தகர டப்பா ஒண்ணு. மூடியில ரெண்டரை மில்லியில ஏழு துளை, பிசிறு இருக்கக் கூடாது. உள்ள சலிச்ச முரட்டுத் தவிடு, ரெண்டு மில்லிப் புழு. தலைகீழாத் தொங்கவிடணும். கீழ தட்டு வைக்காதீங்க, காஞ்ச இலை போடுங்க. நாலு நிமிஷத்துக்கு ஒண்ணு விழும், மிச்சத்த அது தேடிக்கும்."