அக்கரைக்குப் போன பெட்டி

சாந்த்ராகாச்சியில் ரயிலை விட்டு இறங்கும்போது நான் சிவலிங்கம் சாராக இருந்தேன். வெறும் சிவலிங்கத்தைச் சாராக்கியவர் எதிர் பெர்த்தில் வந்த மஹாதேவன். பேங்கில் ஆபீசராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் அப்பா காலத்திலிருந்தே கல்கத்தா லேக் கார்டன்ஸில் குடியிருப்பு. மகள் கல்யாணத்துக்குச் சென்னையில் புடவை எடுத்துக்கொண்டு, மனைவி சுப்புலக்ஷ்மியோடு ஊர் திரும்பிக்கொண்டிருந்தார்.

"நீங்க எங்க வேலையா இருக்கேள்?" என்று ரயில் புறப்பட்டதுமே கேட்டார்.

"தூத்துக்குடி ஹார்பர்ல இருக்கேன்."

அது பொய்யில்லை. அவர் என் சலவைச் சட்டையை ஒரு தடவை பார்த்தார். "ஓ, போர்ட் ஆபீஸா" என்று அவராகவே முடித்துக்கொண்டார். நான் இல்லை என்று சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

நான் லோடுமேன். மீசை முளைத்த நாளிலிருந்து மூட்டை ஏற்றுகிறேன். நான் ஏற்றிய உப்பெல்லாம் கல்கத்தாவுக்குப் போகிறது என்பார்கள். அது இறங்குகிற துறைமுகத்தை ஒரு தடவையாவது பார்க்க வேண்டும், அதுவும் தலையில் எதுவும் இல்லாமல் கையை வீசிக்கொண்டு நடந்து பார்க்க வேண்டும் என்று ஆசை. என் மனைவி சௌந்தரம் சிரித்தாள். "அங்க போயும் எவனாவது மூட்டையக் காட்டுனா தூக்கிருவிய" என்றாள்.

ரயிலில் சுப்புலக்ஷ்மி அம்மாள் புளியஞ்சாதம் வைத்த தட்டை நீட்டினார்.

"இருக்கட்டும்மா."

"என்ன இருக்கட்டும்? தனியா வந்தா பட்டினி கிடக்கணும்னு சட்டமா? எடுத்துக்கோங்கோ அண்ணா."

உள்ளங்கைக் காய்ப்பு தெரியாமல் விரல் நுனியால் எடுத்துச் சாப்பிட்டேன். அப்போதே பேச்சு முடிவாகிவிட்டது. நேராக அவர்கள் வீட்டுக்குப் போய்க் குளித்துச் சாப்பிட வேண்டும். சாயங்காலம் மஹாதேவன் சாரே என்னைக் கிதர்பூர் கப்பல் டாக்குக்குக் கூட்டிப்போவார். "உங்களை மாதிரி விஷயம் தெரிஞ்சவரோட போனாத்தானே எனக்கும் நாலு கப்பல் புரியும்" என்றார். எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. என்னோடு சேர்ந்து ஒரு இடத்தைப் பார்க்க வேண்டும் என்று அதுவரை யாரும் ஆசைப்பட்டதில்லை.

சாந்த்ராகாச்சியிலிருந்து லோக்கல் பிடித்து ஹௌரா வந்தோம். அவர்கள் அங்கிருந்து டாக்சியில் போகிறவர்கள்தான். எனக்காக லஞ்ச் படகில் ஆற்றைத் தாண்டலாம் என்றார் சார். "ஹார்பர் மனுஷனைப் பாலத்து மேல கூட்டிண்டு போனா கங்கை கோச்சுக்கும்."

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்த இடத்தில் பெரிய பெட்டியின் சக்கரம் கழன்றுவிட்டது. கல்யாணப் புடவை இருந்த பெட்டி அது. சார் இழுத்துப் பார்த்தார். முழங்கால் மடங்கி உட்காரப் போனார்.

"போர்ட்டரைக் கூப்பிடுங்கோளேன்" என்றார் அம்மாள்.

"இந்தா இருக்கு படித்துறை, எதுக்குப் போர்ட்டர்?" என்றேன். கழுத்துத் துண்டை எடுத்துச் சுருட்டி என் கை தானாகச் சும்மாடு கூட்டிவிட்டது. தலையில் வைத்தேன். பெட்டியை முழங்காலில் ஏற்றி, அங்கிருந்து தோளுக்கு, தோளிலிருந்து தலைக்கு.

"ஐயையோ, சார்! சிவலிங்கம் சார்!" என்று அவர் பதறினது கேட்டது. அதற்குமேல் எதுவும் கேட்கவில்லை.

பாரம் ஏறிவிட்டால் எங்களுக்குக் காது அடைத்துப்போகும். கழுத்து திரும்பாது. திரும்பவும் கூடாது. கப்பலுக்கு ஏறும் பலகை மேல் வரிசையாகப் போகும்போது ஒருவன் நின்று பின்னால் பார்த்தால் அடுத்தவன் தண்ணீரில் விழுவான். கரையில் இறக்குவதும் கிடையாது. கரையில் இறக்கினால் மறுபடி தூக்க வேண்டும். எடுத்த பாரத்தைக் கப்பலுக்குள் வைத்துவிட்டுத்தான் நிமிர வேண்டும். அப்படித்தான் பழகியிருக்கிறேன்.

அப்படியே நடந்தேன். கூட்டம் விலகி வழி விட்டது. படித்துறை வாசலில் டிக்கெட் பார்ப்பவன் என்னைக் கூலி என்று நினைத்துக் கையை ஆட்டி உள்ளே விட்டான். மிதவைக்கு இறங்கும் பாலம் காலுக்குக் கீழே ஆடியது. அந்த ஆட்டம் என் கால்களுக்கு வீட்டு வாசல் மாதிரி. ஏறி, லஞ்சுக்குள் ஓரமாகப் பெட்டியை இறக்கி வைத்து, "வந்தாச்சு சார்" என்று திரும்பினேன்.

பின்னால் யாரும் இல்லை. லஞ்சுக்கும் மிதவைக்கும் நடுவில் பழுப்புத் தண்ணீர் அகன்றுகொண்டிருந்தது.

டிக்கெட் வாசல் கம்பிக்கு அந்தப் பக்கம் அம்மாளின் கடுகு நிறப் புடவை தெரிந்தது. பக்கத்தில் சார் இரண்டு கையையும் தூக்கி ஏதோ கத்திக்கொண்டிருந்தார். பயப்படாதீர்கள், அக்கரையில் நிற்கிறேன் என்று சொல்ல நான் கையை ஆட்டினேன். கரையிலிருந்து பார்த்தால் அது எப்படித் தெரிந்திருக்கும் என்பது நடு ஆற்றில்தான் உறைத்தது.

அவர் நம்பர் என்னிடம் இல்லை. வீட்டில் போய் எழுதித் தருவதாகச் சொல்லியிருந்தார். பக்கத்தில் இருந்தவர்களிடம் கேட்கலாம் என்றால் பாஷை இல்லை. கரையில் பெயர்ப் பலகைகள் இருந்தன. நாற்பது வயசுக்கு மேல் உட்கார்ந்து கற்ற என் தமிழ் எழுத்து அந்தப் பலகைகளில் ஒன்றிலும் இல்லை. திரும்பிப் போகலாமா? நான் அங்கே போகிற நேரம் அவர்கள் இங்கே வந்தால்? இறங்கின இடத்திலேயே பெட்டியோடு நின்றேன். மேலே உட்காரவில்லை. உள்ளே கல்யாணப் புடவை.

அடுத்த லஞ்ச் கரை சேர்வதற்குள்ளேயே ஒரு வாலிபன் அதிலிருந்து குதித்தான். "சோர்! சோர்!" என்று கத்திக்கொண்டு வந்து என் சட்டையைப் பிடித்தான். பொத்தான் தெறித்தது. கூட்டம் கூடிவிட்டது. சோர் என்றால் என்ன என்று யாரும் எனக்குச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

மஹாதேவன் சார் மூச்சு வாங்க வந்தார். வந்தவர் குனிந்து பெட்டியின் பூட்டை இழுத்துப் பார்த்தார். அதற்குப் பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

சுப்புலக்ஷ்மி அம்மாள் பெங்காலியில் சத்தம் போட்டு அந்த வாலிபனின் கையைப் பிடுங்கி எறிந்தார். "விடச் சொல்லுங்கோ! பெட்டியை வெச்சுண்டு நின்னுண்டுன்னா இருக்கார்!"

"இவாதான் திருடன்னு கத்தினா, நான்..." என்றார் சார்.

"நீங்கதான் முதல்ல கத்தினேள். இப்ப மாத்திப் பேசாதேங்கோ."

அவர் தலை குனிந்தது. எனக்கு அது போதவில்லை, வேண்டியும் இருக்கவில்லை. "தப்பு என் மேலதான் சார்" என்றேன். "பாரத்தக் கரையில இறக்கக் கூடாது, திரும்பிப் பாக்கக் கூடாது. எங்க வேலையில அப்படி."

"எந்த வேலையில?"

"லோடு ஏத்துத வேலை."

"போர்ட் ஆபீஸ்னு..."

"நீங்க சொன்னிய. நான் பேசாம இருந்துட்டேன்."

கூட்டம் கலைந்தது. அடிப்பதற்கு ஆள் இல்லை என்றதும் அவர்களுக்கு வேலை இல்லை. பெட்டி மட்டும் நடுவில் கிடந்தது. ரோட்டுக்குப் படி ஏற வேண்டும். சார் கைப்பிடியைத் தொட்டார். அவரால் முடியாது என்று அவருக்கும் தெரியும்.

துண்டை உதறி மறுபடி சும்மாடு கூட்டினேன். "நீங்க முன்னால போங்க. நான் பின்னால வாரேன்."

அவர்கள் நின்ற இடத்தில் நின்று, நடந்தால் நடந்தேன். பாரத்தோடு அப்படி நான் நடந்ததே இல்லை. கழுத்து நொந்தது. அம்மாள் என் பக்கத்திலேயே வந்தார். பெட்டியின் விளிம்பில் அவர் கை இருந்தது. விழாமல் தாங்கத்தான் வைத்திருப்பார். அப்படித்தான் நினைத்துக்கொள்கிறேன்.

டாக்சியில் பெட்டியை வைத்துவிட்டு விலகி நின்றேன். "அப்ப நான் இப்படியே கிளம்புதேன்."

சார் முன் கதவைத் திறந்து பிடித்துக்கொண்டார். "ஏறுங்கோ, சிவலிங்கம் சார். நம்மாத்துல சமையல் சொல்லியாச்சு."

முன்பு தெரியாமல் கூப்பிட்டார். இப்போது தெரிந்தே கூப்பிட்டார். அதுதான் தாங்கவில்லை. மாட்டேன் என்றால் அவர் முகம் இன்னும் கீழே போகும். ஏறி உட்கார்ந்தேன்.

வண்டி போய்க்கொண்டே இருந்தது. டிரைவர் என்னைத் திரும்பித் திரும்பிப் பார்த்தான். பக்கக் கண்ணாடியில் பார்த்தேன். தலையில் சும்மாடு அப்படியே இருந்தது.