இரண்டு காலன்

படகின் பேட்டரியைக் கம்பில் கட்டித் தோளில் சுமந்துகொண்டு கிளொத்தாரியோவும் அவனோடு தொழிலுக்கு வரும் செனெனும் மணலில் இறங்கினார்கள். முன்னால் போன செனெனுக்குக் கணுக்கால்வரை புதைந்தது. பெட்ரோல் காலத்தில் இதற்கு ஒரு ஆள் போதும். கைக்கொரு காலன் கேனாகப் பிடித்துக்கொண்டு விசிலடித்தபடி போய்விடலாம். போகப் போகக் கேன் பாரம் குறையும், திரும்பும்போது அந்த இடத்தை மீன் பிடித்துக்கொள்ளும். இந்தச் சனியன் சார்ஜ் தீர்ந்தாலும் ஒரு கரண்டி எடை குறையாது.

கரையில் மீன் அறுக்க உட்கார்ந்திருந்த பெண்களுக்கு அறுக்க மீன் இல்லை. அதனால் வாய் சும்மா இருக்கவில்லை.

"யாரு செத்தது கிளொத்தாரியோ? பொட்டி நல்ல கனம்போல."

"உன் மாமியாதான். வந்து ஒரு கை பிடி."

அவர்கள் சிரித்தார்கள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வீட்டில் வாழைக்காயும் உப்பும்தான் மிச்சம். இன்றைக்கு எப்படியும் குடாவின் முனைக்கு வெளியே, பெரிய மீன் கிடைக்கும் சூரைத் திட்டுக்குப் போய்விடுவது என்று கிளம்பியிருந்தான்.

இந்த மின்சார மோட்டாரைக் குடாவுக்குக் கொண்டுவந்தவன் ஓல்கர். மீனவர் சங்கத் தலைவன். கிளொத்தாரியோவின் மனைவி தெலியாவுக்குத் தம்பி. தலைநகரத்திலிருந்து ஏதோ அறக்கட்டளை வந்திருக்கிறது, பழைய பெட்ரோல் மோட்டாரைக் கொடுத்தால் புதியது இலவசம் என்றான். ஊர் நம்பவில்லை. உடனே செனெனைக் கூட்டிக்கொண்டு புதுப் படகில் முனையைச் சுற்றிச் சூரைத் திட்டுவரை போய், பொழுது சாய்வதற்குள் திரும்பி வந்து, கைக்கொரு சூரையாகத் தூக்கிக் காட்டினான். அதற்குப் பிறகு யார் வாய் திறப்பது? மோட்டார்களைக் கரையில் வரிசையாக வைத்து, படம் பிடிக்கிறவர்கள் முன்னால் சம்மட்டியால் உடைத்தார்கள். தலைவனின் மச்சான் என்பதால் முதல் அடி கிளொத்தாரியோவுடையது.

அன்றிலிருந்து எல்லாப் படகும் குடாவுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி விரல் நீள மீனுக்கு அடித்துக்கொள்கின்றன. முனையைத் தாண்டினால் பெட்டியில் சார்ஜ் பாதிக்கு வந்துவிடுகிறது என்று ஆளாளுக்குப் புலம்பினார்கள். கிளொத்தாரியோ மட்டும் ஒப்புக்கொள்ளவில்லை. ஓல்கர் போய் வந்தானே. நமக்குத்தான் ஓட்டத் தெரியவில்லை. தெலியாவும் அதையே சொன்னாள்: "என் தம்பி ஊரை ஏமாத்துவான், என்னை ஏமாத்த மாட்டான்."

"இன்னைக்கு வேணாம்ண்ணே. காத்து சரியில்ல," என்றான் செனென், பெட்டியைப் படகில் இறக்கியபடி.

"நேத்தும் இதையேதான் சொன்னே. ஏறுடா."

போகும்போது காற்று முதுகில் இருந்தது. திட்டுக்குப் போய்ச் சேர்ந்தபோது பாதிக்குக் கொஞ்சம் மேலே சார்ஜ் மிச்சமிருந்தது. சூரை வெறிபிடித்த மாதிரி தூண்டிலில் விழுந்தது. எத்தனை நாளாயிற்று இந்தக் கனத்தைக் கையில் உணர்ந்து. கிளொத்தாரியோ தன்னையறியாமல் பாடினான். படகின் வயிறு நிறைந்தது. செனென் மட்டும் மீனைப் பார்க்காமல் பெட்டியின் விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தான்.

திரும்பும்போது காற்று முகத்தில் அடித்தது. மீனும் பெட்டியுமாகப் படகு விளிம்புவரை அமுங்கிக் கிடந்தது. அலைக்கு அலை திணறியது. முனை தூரத்தில் ஒரு கோடாகத் தெரிந்தபோது சிவப்பு விளக்கு எரிந்தது. கூப்பிடு தூரத்தில் ஒரு படகு இல்லை.

"ஓல்கர் அன்னைக்கு எப்படி ஓட்டினான்? நீ கூடத்தானே இருந்தே. மெதுவாவா, ஒரே சீராவா? சொல்லுடா."

செனென் தண்ணீர் இறைப்பதை நிறுத்தினான்.

"ஓட்டலண்ணே."

"என்னது?"

"முனைக்கு அந்தப் பக்கம் அடுத்த ஊரு பெட்ரோல் படகு ஒண்ணு நின்னுச்சு. கயிறு போட்டு அதுதான் இழுத்துட்டுப் போச்சு, அதுதான் இழுத்துட்டு வந்துச்சு. மீனும் அவங்க புடிச்சதுதான். முனை வந்ததும் கயித்தை அவுத்துட்டோம்."

கிளொத்தாரியோ மோட்டாரின் கைப்பிடியை விடாமல் அவன் பக்கம் திரும்பினான்.

"மோட்டார் மாட்ட வந்த மெக்கானிக் முன்னாடியே சொன்னாண்ணே. இவ்வளவு பெரிய பொட்டி, ரெண்டு காலன் பெட்ரோல் இழுக்குற தூரத்தைக்கூட இழுக்காதுன்னு. ஓல்கர் அவனை அன்னைக்கே பஸ் ஏத்திட்டாரு. எங்கிட்ட, உன் பொண்டாட்டிக்கு சார்ஜ் போடுற கொட்டகையில வேலை தர்றேன், வாயத் திறக்காதேன்னாரு."

"நான் என் மோட்டாரை உடைக்கும்போது எங்கடா நின்னே?"

"பக்கத்துலதான். சாயாம நான்தான் புடிச்சுக்கிட்டேன்."

அவனைத் தூக்கிக் கடலில் போட்டுவிடலாம் போலிருந்தது. சொந்த மச்சான் ஏமாற்றியதுகூடப் பிறகு. இத்தனை நாள் ஒரே தட்டில் கைபோட்டுத் தின்றவன் இவன். ஆனால் தண்ணீர் இறைக்க ஒரு ஆள் வேண்டும்.

"மீனை எடுத்துப் போடு," என்றான்.

"அண்ணே..."

"பாரம் குறையாம முனைக்குப் போக முடியாது. போடுடா."

ஒவ்வொன்றாகப் போட்டார்கள். கடைசி மீனை மடியில் வைத்துக்கொண்டு கிளொத்தாரியோ கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தான். இன்னொரு அலை உள்ளே வந்ததும் அதையும் விட்டான். பேட்டரி மட்டும் நடுப் படகில் அசையாமல் இருந்தது. முனையைச் சுற்றியதும் அதுவும் சார்ஜ் தீர்ந்து அணைந்தது. குடாவைத் துடுப்பால் கடந்தார்கள்.

கரையில் கூட்டமாக இருந்தது. அறக்கட்டளைக்காரர்கள் வந்திருந்தார்கள், கேமராவோடு. ஓல்கர் முழங்கால் தண்ணீரில் இறங்கி வந்து படகைப் பிடித்தான்.

"பாத்தீங்களா மேடம், சூரைத் திட்டுலேருந்து வர்றாரு. என் மச்சான்."

வெள்ளைத் தொப்பி போட்ட பெண் குனிந்து படகுக்குள் பார்த்தாள். "எவ்வளவு சுத்தமா இருக்கு. எண்ணெய்ப் பிசுக்கே இல்ல."

கிளொத்தாரியோ ஓல்கரின் முகத்தையே பார்த்தான். ஓல்கர் கயிற்றைப் பார்த்தான்.

"மீனெல்லாம் கடல்ல போட்டுட்டு வந்தேன்," என்றான் கிளொத்தாரியோ.

"அப்படியா? சின்ன மீனா?" என்றாள் அந்தப் பெண், ஓல்கரிடம் திரும்பி.

"ஆமா மேடம். சின்ன மீனை நாங்க திருப்பி விட்டுடுவோம்."

அவளுக்கு முகம் மலர்ந்துவிட்டது. கை தட்டினாள். கூட வந்தவர்களும் தட்டினார்கள். மீன் வாங்கத் தட்டோடு தண்ணீரில் நின்றிருந்த தெலியா, என்னவென்று தெரியாமல், தட்டை இடுக்கிக்கொண்டு தானும் தட்டினாள்.