மஞ்சள் பூவுக்குக் கீழே

“பிடுங்கிட்டா அப்புறம் மண்ண யாரு மிஸ் பிடிச்சிக்கிட்டு நிக்கிறது?”

“இது மண்ணைப் பிடிக்காது அம்மா. மேலால படர்ந்து கிடக்குது, அவ்வளவுதான். வேர் உள்ளுக்கு ஆழமாப் போகாது. ஆனா போற இடமெல்லாம் மற்றச் செடியளை மூடிச் சாக்காட்டிப்போடும். உங்கட ஓடைக்குள்ளயும் இறங்கிட்டுது, பாத்தனீங்களோ?”

விஜயலெட்சுமி ஓடையைப் பார்க்கவில்லை, சரிவைத்தான் பார்த்தாள். தொழிலாளர் வரிசை வீடுகளான லயத்தின் பின்சுவரிலிருந்து கைகளுக்கு எட்டாத உயரம் வரை மஞ்சள் பூக்கள். காலையில் கதவைத் திறந்தால் முதலில் கண்ணில் விழுவது அந்த மஞ்சள்தான். மூடுபனி நாட்களில் தேயிலை, பாதை, கோயில் கூரை எல்லாம் காணாமல் போய்விடும், இந்தப் பூக்கள் மட்டும் யாரோ மறந்துபோய் அணைக்காமல் விட்ட விளக்குகள் போலத் தெரியும். வெளிநாட்டிலிருந்து வந்து பரவும் செடிகள் எந்தத் தோட்டத்தில் எவ்வளவு பிடித்திருக்கின்றன என்று கணக்கெடுக்கவும், மேலே காட்டுக்குள் ஏறுவதற்கு முன் அவற்றை அகற்றவும் பதுளையிலிருந்து இருவர் வந்திருந்தார்கள். அவளுக்குப் பதில் சொல்லிக்கொண்டிருந்தவர் மயூரி மிஸ், பொறுப்பானவர். அவருக்குப் பின்னால் வெள்ளைக் குழாயில் செய்த சதுரச் சட்டம் ஒன்றைத் தோளில் மாட்டிக்கொண்டு நின்றவன் நிரோஜன். ஓட்டோவிலிருந்து அவன் இறங்கியதைக் கண்டபோது அவளுக்கு உறவுக்காரப் பிள்ளை வந்தது போலிருந்தது. அவன் அவளைத் தெரிந்தவன் போலப் பார்க்கவில்லை. வேலை நேரம், அதனால்தான் என்று எண்ணிக்கொண்டாள்.

“இதை முதல்ல ஆர் இங்க கொண்டு வந்தது?” என்றார் மயூரி மிஸ்.

விஜயலெட்சுமி நிரோஜனைப் பார்த்தாள். அவன் சொல்வான்.

மீரியபெத்த மண்சரிவில் தங்கச்சியை மண் மூடிய பிறகு, மழை பெய்யும் எந்த இரவும் அவளுக்குத் தூக்கமில்லை. கூரைத் தகரத்தில் விழும் ஓசையில் வேறொரு ஓசையைத் தேடிக்கொண்டு சுவரில் காதை வைத்துப் படுத்திருப்பாள். அப்படிப்பட்ட காலத்தில்தான் மாதர் சங்கத் தலைவி என்று பண்டாரவளையில் ஒரு பயிற்சிக்குக் கூப்பிட்டார்கள். நிரோஜன் அப்போது ஏதோ தொண்டு நிறுவனத்தில் இருந்தான். ஈரச் சாக்கில் சுற்றிய தண்டுகளை அவள் கையில் வைத்து, “இது கொடி இல்லை அக்கா, கம்பளம். விரிச்சு விட்டா மண் அசையாது” என்றான். பிறகு ஒரு நாள் மாலை அவள் வீட்டுக்கே வந்து, ரொட்டியும் கட்டச்சம்பலும் சாப்பிட்டு, தளிர்விட்டதைக் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டுப் போனான். அந்தக் கொடி சரிவை மூடிய வருஷத்திலிருந்து அவள் மழையிலும் தூங்கினாள். ஒரு மனுசனின் வார்த்தையைப் போர்த்திக்கொண்டு தூங்குவது அப்படியிருந்தது.

“டவுனில பூக்கண்டு எண்டு விக்கினம் மிஸ்,” என்றான் நிரோஜன். “ஆக்கள் முற்றத்து வடிவுக்கு வாங்கிக்கொண்டு வந்து நடுறவை.”

அதே குரல். கம்பளம் என்று சொன்ன அதே மெல்லிய, நம்பவைக்கும் குரல்.

“வடிவுக்கா?” வேலியோரம் நின்ற அதே லயத்து நல்லையா சிரித்தார். “நம்ம தலைவியம்மாதான் மிஸ் கொண்டாந்தது. கங்காணி மாதிரி ஒரு வீடு விடாம ஏறி எறங்கி நட வச்சிச்சி. என் போஞ்சிப் பாத்தியே இதுக்குத்தான் போச்சு. இப்ப அந்தப் பூவத்தான் கறி வைக்கணும்.”

அவள் வாயைத் திறந்தாள். அடுத்த மூச்சில் அவனே சொல்லிவிடுவான் என்று தோன்றியது. அதற்கடுத்த மூச்சிலும் அப்படித் தோன்றியது. காத்திருந்ததில், இனிச் சொன்னால் பழியைத் தள்ளிவிடப் பார்க்கிறாள் என்று ஆகிவிடும் அளவுக்கு நேரம் கடந்துவிட்டது.

“பரவாயில்லை அம்மா, தெரியாமச் செய்ததுதானே,” என்று மயூரி மிஸ் அவள் தோளைத் தொட்டார். யாருடைய பிழைக்கோ கிடைத்த மன்னிப்பை அவள் தலைகுனிந்து வாங்கிக்கொண்டாள்.

நிரோஜன் சரிவில் ஏறி, சட்டத்தைப் பூக்களின் மேல் வைத்தான். அதற்குள் இருந்த தண்டுகளை எண்ணினான். பிறகு சட்டத்துக்குள் இருந்ததை முழுதாகப் பிடுங்கச் சொன்னார் மயூரி மிஸ். நல்லையாவும் கை கொடுத்தார். கொடி பழைய சாக்கு மாதிரி ஒரே துண்டாகச் சுருண்டு வந்தது. உண்மையிலேயே கம்பளம்தான் என்று விஜயலெட்சுமி நினைத்தாள்.

அதற்குக் கீழே மண் பிளந்திருந்தது.

நல்லையா கையிலிருந்ததை அப்படியே விட்டுவிட்டார். பிளவு சட்டத்தின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கம் வரை போய், அப்பாலும் பூக்களுக்கு அடியில் நுழைந்திருந்தது. நிரோஜன் முழங்காலிட்டு, சட்டத்துக்கு வெளியே இரண்டு கைகளாலும் பிடுங்கத் தொடங்கினான். பிடுங்கப் பிடுங்கப் பிளவு லயத்தின் கடைசி வீடு வரை அவனுக்கு முன்னால் போய்க்கொண்டேயிருந்தது. அவள் அருகே போய் உள்ளே பார்த்தாள். புது வெடிப்பில்லை. உள்ளே காய்ந்த மஞ்சள் இதழ்களும் நத்தை ஓடுகளும் கிடந்தன. அவள் நிம்மதியாகத் தூங்கிய அத்தனை மழைக்கும் அது வாயைத் திறந்து தண்ணீர் குடித்திருக்கிறது. கொடி இல்லாமலிருந்தால் போஞ்சி பறிக்கப் போன யாராவது என்றைக்கோ இதைக் கண்டிருப்பார்கள்.

“மழைக்கு முதல் எல்லாரும் பள்ளிக்கூடத்துக்கு இறங்குங்கோ. சின்னப் பிள்ளையளை முதல்ல அனுப்புங்கோ,” என்றார் மயூரி மிஸ். மண்சரிவுக்குப் பொறுப்பானவர்களைக் கூப்பிட வேண்டும் என்று, சிக்னல் கிடைக்கும் வளைவை நோக்கி ஓடினார்.

விஜயலெட்சுமி கீழே பார்த்துக் கத்தினாள். “எல்லாம் எறங்குங்க! பிள்ளைங்கள எடுத்துக்கிட்டு எறங்குங்க!”

வாசல்களில் தலைகள் தெரிந்தன. யாரும் அசையவில்லை. பாதிச் சரிவு இறங்கியிருந்த நல்லையா நின்று திரும்பினார். முகத்தில் பயமிருந்தது. பயத்தை விடக் கோபம் கூடுதலாக இருந்தது.

“போன மழைக்கும் எறங்கச் சொன்னாங்க. பள்ளிக்கூடத்துச் சிமெந்துல கெடந்து பிள்ளைங்களுக்கு நெஞ்சு சளிதான் மிச்சம். நட்டா நிக்கும்னு சொன்னவளும் நீ. இப்ப ஓடுன்னு சொல்றவளும் நீ. எத நம்புறது லெச்சுமி?”

அவர் கீழே இறங்கிப் போய் வாசலில் நின்றவர்களிடம் ஏதோ சொன்னார். அவர்கள் மேலே, அவளைத்தான் பார்த்தார்கள். ஒரு பெண் குழந்தையை இடுப்பில் மாற்றிக்கொண்டு வீட்டுக்குள் போனாள். பூனாகலைப் பக்கமிருந்து வானம் கறுத்துக்கொண்டு வந்தது.

“அக்கா,” நிரோஜன் எழுந்து நின்றான். நகக்கண்ணெல்லாம் மண். “எனக்கு அப்ப இவ்வளவும் தெரியாது. அந்த நிறுவனத்தில தந்ததை நான் உங்களிட்டத் தந்தனான். இந்த மாதம்தான் என்னை நிரந்தரமாக்கப் போகினம். மிஸ்ஸுக்குத் தெரிஞ்சா…”

அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். கோபம் எங்கோ தூரத்தில், பிறகு எடுத்துக்கொள்ளலாம் என்று வைத்துவிட்டு வந்த பொருள் மாதிரி இருந்தது. மண் சரிந்த அன்று காலையில் தங்கச்சி வீட்டாருக்கும் யாரோ எச்சரிக்கை சொன்னார்கள். சொன்னவரை அவர்கள் நம்பவில்லை.

“தம்பி, கீழ வாங்க. நான் சொன்னா இனிமே ஒரு ஆளும் எறங்காது. இந்தச் செடிய நீங்கதான் குடுத்தீங்க, மண்ணு நிக்கும்னு சொன்னது தப்பாப் போச்சுன்னு ஒங்க வாயால ஒரு வார்த்த சொல்லுங்க. ஒங்கள நம்பித்தான் நான் சொன்னேன்னு தெரிஞ்சா, இப்ப சொல்றதயாவது கேப்பாங்க.”

அவன் வளைவைப் பார்த்தான். அங்கே மயூரி மிஸ் ஃபோனைக் காதில் வைத்தபடி நடந்துகொண்டிருந்தார். முதல் துளி வெள்ளைச் சட்டத்தில் விழுந்து தெறித்தது. இன்னொன்று, சுருண்டு கிடந்த கொடியில் இன்னும் விரிந்திருந்த ஒரு பூவின் மேல் விழுந்தது.

“மழ வருது தம்பி. வாங்க.”